பெட்டிக்குள் நின்று பாடியவர்

நான் எவ்வளவு பெரிய மூடன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் களைத்துப்போக வேண்டியதில்லை. கயிறு பிடிக்காமல், வலை வளைக்காமல், கடலில் கால்கூட நனைக்காமல், கரையில் கதிரை போட்டு உட்கார்ந்தபடியே ஒரு பெரிய பாரை மீன் கூட்டத்தைக் கடலுக்குத் திருப்பி அனுப்பியவன் நான். அதுவும் பாட்டுக் கேட்டு, தலையை ஆட்டிக்கொண்டு. குச்சவெளிக் கரையில் இன்றும் என்னைத் தெரிந்தவர்கள் இருந்தால், அவர்களுக்கு என்னை இப்படித்தான் தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் திருகோணமலையில் ஒரு துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். கப்பல் வந்தால் வந்தது என்று எழுத வேண்டும்; வராவிட்டால் வரவில்லை என்று எழுத வேண்டும். எங்கள் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகப் பேசுவார்கள். அந்த ஆழத்துக்கு ஏற்ற நித்திரையும் எங்கள் கந்தோரில் கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய கிளாக்கர் குறட்டை விடத் தொடங்கினால், சாளரத்துக்கு வெளியே நின்ற இழுவைப் படகு அவருக்குப் பதில் சொல்வதுபோல் இருக்கும்.

எனக்கோ பகலில் நித்திரை வராது. அதனால்தான் எனக்குப் பொழுதுபோக்குகள் வந்தன. நித்திரை வந்திருந்தால் பாரைகளும் தப்பியிரா, என் மானமும் கப்பலேறியிராது.

முதலில் வந்தது கமரா. ஊரை விட்டுப் போன ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய பெட்டிக் கமரா. இயற்கையைப் படம் பிடிப்பது என்று தீர்மானித்தேன். ஏனென்றால் மனிதர்களைப் பிடித்தால் அவர்கள் படத்தைக் கேட்பார்கள், கொக்கு கேட்காது. கோட்டைக்குள் மேயும் மான்களில் தொடங்கினேன். என் படங்களில் மான்களுக்குத் தலை இருக்காது. தலை இருந்த ஒரே மானுக்கு உடம்பு இல்லை. பிறகு களப்புப் பக்கம் போய்ச் சேற்றில் படுத்துப் பறவைகளைப் பிடித்தேன். நகரத்தில் படம் கழுவித் தருகிற கடைக்காரர் ஒருநாள் ஒரு படத்தை வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார்.

“இதில கொக்கு எங்க அண்ணே?”

“அது பறந்திட்டுது.”

“அப்ப கொக்கு இருந்த இடத்தைத்தான் கழுவித் தந்திருக்கிறன்,” என்றார். அவர் நல்ல மனிதர். நான் அடுத்த சுருளைக் கொண்டுபோனபோது, “இந்த முறை எது பறந்தது?” என்று மட்டும் கேட்டார்.

இறக்குமதிக்கு இருந்த கட்டுகள் தளர்ந்து, நகரத்துக் கடைகளின் கண்ணாடிக்குள் பளபளவென்று சாமான்கள் வந்து குந்தியபோது, எனக்கு இரண்டாவது பைத்தியம் பிடித்தது. ஒரு ரேப் றெக்கோடர் வாங்கினேன். கைப்பிடி வைத்தது, தூக்கிக்கொண்டு போகலாம். பாலையூற்றிலிருந்த எங்கள் வீட்டில் முதல் கிழமை நடந்ததையெல்லாம் பதிந்தேன். அடுப்பில் கேத்தில் கொதிப்பது, கோழி முட்டையிட்டுவிட்டுக் கத்துவது, மனைவி என்னை ஏசுவது. மூன்றாவதுதான் தெளிவாக வந்திருந்தது. அதை அவருக்கே போட்டுக் காட்டினேன். அவர் குசினி வாசலில் நின்று முழுவதையும் கேட்டார்.

“நான் சொன்னதில ஒண்டும் பிழையில்லை,” என்றார். “அப்படியே வைச்சிருங்கோ. எனக்குத் தொண்டை கட்டினால் போட்டுவிடலாம்.”

வானொலியில் நாட்டுப் பாட்டு என்று போடுவார்கள். வயலின் எல்லாம் சேர்த்து, குளித்துப் பவுடர் பூசிய பாட்டு. எனக்கு மண் ஒட்டிய பாட்டு வேண்டும் என்று ஆசை வந்தது. பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை. உழைக்கும்போது ஒருவர் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவதைக் கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். உழைக்காதவனுக்கு அது சிலிர்ப்பது இயல்பு. அப்போதுதான் மனைவியின் தம்பி, என் மச்சான், ஒரு வாய்ச் சொல் விட்டான்: “அத்தான், எங்கட வலைக்கு வந்து பாருங்கோ. வலை இழுக்கிற அம்பாப் பாட்டுச் சொல்லுறதில எங்கட நானாவை அடிக்க ஆள் இல்லை.”

மச்சானுக்குக் குச்சவெளியில் கரைவலை இருந்தது. இருந்தது என்றால், அந்த வருசம்தான் வந்தது. அதுவரை இன்னொருவரின் வலையில் கயிறு இழுத்தவன், தன் மாமனார் வீட்டு உதவியோடு ஒரு வலையும் வள்ளமும் வாங்கிச் சம்மாட்டி ஆகியிருந்தான். சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரன். ஆனால் கரைவலையை ஒருவன் இழுக்க முடியாது. கயிற்றுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் வேண்டும். தமிழரும் முஸ்லிம்களுமாக ஒரு கூட்டம், எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்று அழைத்த ஒரு முஸ்லிம் பாட்டுக்காரரின் சொல்லுக்கு இவனிடம் வந்திருந்தது. வந்தவர்கள் ஒரு கதை சொல்லித்தான் வந்திருந்தார்கள்: ஆனி மாதம் முடியும்வரை பார்ப்போம், பிடித்திருந்தால் நிற்போம், இல்லையென்றால் வடக்குப் பக்கத்துப் பெரிய வலைக்குப் போய்விடுவோம். நானா போனால் எல்லாரும் போவார்கள். ஆட்கள் போய்விட்டால் நடுச் சீசனில் வேறு ஆள் கிடைக்காது. மணலில் கிடக்கிற வலையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்ட முதல் நாள், மனைவி வாசல்வரை வந்தார்.

“இஞ்சாருங்கோ. அவன் இப்பதான் காலூன்றுறான். நீங்கள் அங்க போய்ச் சும்மா இருங்கோ.”

“நான் என்ன செய்யப் போறன்? பாட்டுத்தானே கேக்கப் போறன்.”

“அதைச் சும்மா இருந்து கேளுங்கோ.”

நானா எனக்குப் பத்து வயது மூத்தவர். நெஞ்சு நிறைய நரை, வாய் நிறைய வெற்றிலை. நடக்கும்போதுகூடக் கடற்கரை தனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதுபோல் நடப்பார். தன் குரலைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. கேட்பவர்களுக்கும் அதே அபிப்பிராயம்தான் என்பதால் சண்டை இல்லை. பெட்டியைப் பார்த்ததும் சுற்றி வந்தார்.

“இதுக்குள்ள பாட்டு எந்தப் பக்கத்தால போற?”

“வாயால சொல்லுங்கோ நானா. அதுவாய்ப் போகும்.”

ஒரு ஓலைக் கொட்டிலில் பாயைப் போட்டு, தேத்தண்ணி வைத்து, நானாவை உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. அவர் வாயில் ‘சொல்’ எல்லாம் ‘செல்’ ஆகத்தான் வரும்.

“கையில கயிறு இல்லாம அம்பா செல்லப்படாது தம்பி. அது வலைக்கு ஆகாது. சும்மா இருக்கிற வாய்க்கு வேற பாட்டு இருக்கு.”

அதற்கென்ன என்று ஒரு கயிற்றுத் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மறுநுனியை எங்கே கட்டுவது என்று பார்த்தேன். கட்ட ஒன்றுமில்லை. நானே பிடித்துக்கொண்டேன். என் கந்தோர் மூளை அதற்கு மேல் யோசிக்கவில்லை. நானா வெற்றிலையைத் துப்பினார், குதிகாலை மணலில் ஊன்றினார், முதல் அடியைச் சொல்லி ஒரு இழுப்பு இழுத்தார். அந்தக் கசற்றை இப்போது போட்டால் நானாவின் “ஏலேலோ” கேட்கும்; உடனே ஒரு மனிதன் முகம் குப்புற மணலில் விழும் சத்தம் கேட்கும்; அதன் பிறகு நெடுநேரம் சிரிப்புத்தான் கேட்கும்.

ஆகவே உண்மையான வலை இழுக்கும்போதுதான் பதிவது என்று முடிவாயிற்று. ஆனால் என் கசற்றில் இடம் இல்லை. நகரத்திலிருந்து குச்சவெளிவரை பஸ் போகும் சத்தத்தையும் இயற்கை என்று நினைத்துப் பதிந்து வந்திருந்தேன். மீதியாக இருந்தது கொஞ்சம். அதனால் வலையின் மடி, மீன் சேர்கிற பை, கரைக்குக் கிட்ட வரும்வரை காத்திருந்து, கடைசிப் பாட்டை மட்டும் பிடித்தேன்.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். கரைவலையை வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு கயிறுகளையும் கரையில் தூரத்தூர நின்று இரண்டு கூட்டம் இழுக்கும். தெற்குக் கயிற்றில் நானா நின்று பாட்டைத் தொடங்குவார். வடக்குக் கயிற்றில் ஒருவர் காதைக் கொடுத்து அதை வாங்கித் தன் ஆட்களுக்குச் சொல்வார். பாட்டுத்தான் வேகம். தொடக்கத்தில் அது அசைந்து அசைந்து போகும், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் ஒருவர் சுருட்டுப் பற்றவைக்கலாம். வலை நெருங்க நெருங்கப் பாட்டு இறுகும். மடி கண்ணுக்குத் தெரிகிறபோது பாட்டு ஓட்டம் எடுக்கும், கால்களும் ஓடும். வலையின் இரண்டு கையும் ஒரே அளவில் வர வேண்டும். ஒரு கை முந்தினால் வலை கோணும். கோணினால் அடிக்கயிறு தரையை விட்டு எழும்பும். மீனுக்கு வேறென்ன வேண்டும்.

நான் பதிந்து வைத்திருந்தது அந்த ஓட்டப் பாட்டு.

அன்று பின்னேரம் நானா தன் குரலைக் கேட்டார். ஒருதரம் கேட்டார். “இது நான் இல்ல, என்ட தம்பிக்காரன்,” என்றார். திரும்பப் போடச் சொன்னார். பிறகு வீட்டுக்குப் போய் மனைவியையும் அழைத்துவந்து கேட்கவைத்தார். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, “வீட்டில ஒரு நாளும் இப்பிடி இனிமையாக் கதைச்சதில்ல,” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மனிதனுக்கு அவன் குரலையே எடுத்துக் கொடுத்த பெருமை.

அந்தப் பெருமையோடுதான் அடுத்த சனிக்கிழமைக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காக அந்தக் கரையில் வலை காயும். ஒரு நாள் தொந்தரவில்லாமல் இருந்த கடல் சனிக்கிழமை காலை கொடுக்கும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். அன்று கொடுக்கத் தயாராகத்தான் இருந்தது. வெளிச்சம் வந்ததும் தண்ணீரில் ஒரு பெரிய கறுப்பு நிழல் தெரிந்தது. பாரை என்றார்கள். மச்சான் வள்ளத்தோடு போய் அதைச் சுற்றி வளைத்துவிட்டுக் கரைக்கு வந்தான். அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. சிரிக்கவும் பயந்து, வாயை இறுக்கி வைத்திருந்தான்.

நான் தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒரு கதிரையை இரவல் வாங்கி, வடக்குக் கயிற்று ஆட்களுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் கமரா, மடியில் பெட்டி. அவர்கள் கடலைப் பார்த்தபடி பின்னுக்குச் சாய்ந்து மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் நானாவின் குரல் காற்றில் நூல்போல் வந்தது. எனக்கு ஒரு நல்ல எண்ணம் உதித்தது. என் வாழ்க்கையின் பெரிய கேடுகள் எல்லாம் நல்ல எண்ணத்தில் தொடங்கியவைதான். பாவம், இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நானாவின் குரல் சரியாகக் கேட்கவில்லையே, போன கிழமைப் பாட்டைக் கொஞ்சம் போட்டுவிடுவோம், உற்சாகமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒலியை முழுவதும் கூட்டிப் பித்தானை அமுக்கினேன்.

நானாவின் குரல் அவர்களுடைய பிடரிக்குப் பின்னால் முழங்கியது. ஓட்டப் பாட்டு.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை, குரல் நானாவுடையது, பாட்டோ கடைசிப் பாட்டு. வருடக்கணக்காகக் காது சொன்னதைச் செய்த கால்கள் செய்தன. அத்தனை பேரும் ஒரே மூச்சாகப் பின்னுக்கு ஓடினார்கள். கயிறு விண்ணென்று எழும்பியது. எனக்குப் புல்லரித்தது. பாட்டின் சக்தியைப் பாருங்கள் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

அப்போது மச்சான் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரித்தபடி எங்களை நோக்கி ஓடிவந்தான். வலை நிறைந்த சந்தோசம் என்று நினைத்தேன். இப்படியொரு தருணம் கிடைக்குமா. பெட்டியை மணலில் வைத்துவிட்டுக் கமராவை எடுத்துப் படம் பிடித்தேன்.

மடி கரைக்கு வந்தபோது அதற்குள் ஜெல்லி போன்ற சொறிமுட்டைகளும், ஒரு பிடி சூடை மீனும், ஒற்றைச் செருப்பும் இருந்தன.

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் ஏதாவது பகிடி சொல்லித் தப்பியிருப்பேன். நானா தெற்குக் கயிற்றிலிருந்து மணலில் நடந்து வந்தார்.

“ஆரு இஞ்ச கடைசிப் பாட்டுச் சென்ன?”

எல்லாரும் காலைப் பார்த்தார்கள். கடைசியில் கயிறு சுருட்டுகிறவர் சொன்னார்: “நீங்கதான் நானா.”

“நான் அங்க நிக்கிற. இஞ்ச எப்பிடிச் செல்லுற?”

“பெட்டிக்குள்ள நிண்டு சென்ன நீங்க.”

நானா பெட்டியைப் பார்த்தார். நான் அதை நிறுத்த மறந்திருந்தேன். மணலில் இருந்தபடி அது இன்னும் நானாவின் குரலில் மடியை இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

“அவன முதல்ல நிப்பாட்டுங்க தம்பி,” என்றார் நானா.

நிறுத்தினேன். 

“கயிறு பிடியாத வாயால அம்பா சென்னா இப்பிடித்தான்,” என்றார் ஒருவர். “சம்மாட்டிர அத்தான் கொண்டுவந்த சீர்,” என்றார் இன்னொருவர். வடக்குப் பக்கத்து வலையின் பெயரையும் யாரோ மெல்ல எடுத்தார்கள். நானா கையைக் காட்டி அந்தக் கதையை நிறுத்தினார். “ஆனி முடியட்டும், முடிஞ்ச வெள்ளிக்கிழமை செல்லுறன்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இது என்ட குரல், அதுக்கு நான் கயிறு பிடிச்சிட்டன். பெட்டி உங்கட. பெட்டிக்கு நீங்க கயிறு பிடிக்கணும்.”

மச்சான் வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போனேன். அவன் என்னை ஏசினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. ஒரு நாளும் இல்லாமல், பேச்சு வாங்க ஆசையாக இருந்தது.

“அத்தான், காலமை ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே?” என்றான். “வீட்டில இடியப்பம் இருக்கு. போய்ச் சாப்பிடுங்கோ.”

வெட்கப்பட்டுக்கொண்டே போய்ச் சாப்பிட்டேன்.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். நானா சொன்ன கயிற்றுத் தண்டனையிலிருந்து எப்படி நழுவுவது என்றுதான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். இடுப்பு நோ என்று சொல்லலாம். கந்தோரில் கப்பல் வந்திருக்கிறது என்று சொல்லலாம். எப்போதாவது வரத்தானே செய்கிறது. அந்தக் கிழமை படங்களை எடுக்கப் போனேன். கடைக்காரர் முகம் மலர்ந்திருந்தார்.

“அண்ணே, முதல் முதலா ஒரு ஆள் முழுசா வந்திருக்கிறார். தலை, கை, கால் எல்லாம் இருக்கு. ஆளும் என்ன சந்தோசத்தில ஆடுறார் பாருங்கோ.”

உண்மையில் நல்ல படம். நுரைக் கோட்டின் ஓரம், காற்றில் சேட் பறக்க, கை இரண்டையும் விரித்து மச்சான் வருகிறான். வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். நடந்ததை அவருக்குப் பாதிதான் சொல்லியிருந்தேன். எனக்குச் சாதகமான பாதி. அவர் கைவேலையை விட்டுவிட்டுப் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார்.

“இவன் ஆடேல்லை,” என்றார். “அழுகிறான்.”

நான் வாங்கிப் பார்த்தேன். ஆமாம். வாய் சிரிப்பதுபோல் திறந்திருந்தது. கண்ணைப் பார்த்தால் வேறு கதை. நான் அவனை அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ளால் நேராகப் பார்த்துத்தான் பித்தானை அமுக்கியிருந்தேன். வெளிச்சம் பார்த்தேன், நுரை பார்த்தேன், காற்றுப் பார்த்தேன். மனைவி கையை நீட்டித் திரும்ப வாங்கினார். படத்தை அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார். அவர் ஏசுவதைப் பதிந்து வைத்திருந்த கசற்றை எடுத்துப் போட்டுக் கேட்கலாமா என்றுகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினேன். பெட்டியும் இல்லை, கமராவும் இல்லை. சனிக்கிழமை விடிய நானாவின் முன்னால் போய் நின்றேன்.

“களிசானோடயா இழுக்கப் போற?” என்றார்.

களிசானைக் கழற்றிவிட்டு, கைலிச் சாரம் ஒன்றைக் கடன் வாங்கிக் கட்டினேன். தெற்குக் கயிற்றில், நானாவுக்குப் பின்னால், எல்லாருக்கும் கடைசியாக நிறுத்தினார்கள். கரைவலைக் கயிறு கையில் பட்டதும்தான் எனக்குத் தெரிந்தது, நான் இவ்வளவு காலமும் எந்தப் பாட்டை ரசித்தேன் என்று. கரையில் இருந்து கேட்கும்போது அது பாட்டு. கயிற்றில் நின்று கேட்கும்போது அது மூச்சு விட அனுமதி. “ஏலேலோ” வரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், வந்தால் விடலாம். முதல் இழுப்பிலேயே உள்ளங்கைத் தோல் போயிற்று. முன்னால் நின்றவர் திரும்பாமலே சொன்னார்: “கிளாக்கர், கயித்தை நீங்க பிடிங்க. கயிறு உங்களப் பிடிச்சிருக்கு.”

நானா எனக்கென்று ஒரு பாட்டுக் கட்டினார். இழுக்க இழுக்கக் கட்டியது:

“கந்தோரு ராசா கயிறு பிடிச்சார் — ஏலேலோ
கடலுக்கே பார்த்துச் சிரிப்பு வந்திச்சாம் — ஏலேலோ
மையிட்ட கையில கொப்புளம் போட — ஏலேலோ
மடியில இருந்த மீனும் அழுதிச்சாம் — ஏலேலோ.”

இரண்டு கயிற்றிலும் சிரிப்பு அலைபோல் போய்வந்தது. சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். மண் ஒட்டிய பாட்டு வேண்டும் என்று அலைந்தேனே, அதைவிட மண் ஒட்டிய பாட்டு எங்கே கிடைக்கும், என் வாய்க்குள்ளேயே மண் இருந்தது. பதிவதற்குப் பெட்டி இல்லை. இருந்தாலும் கை இல்லை. அன்றைக்கென்று ஒரு பெரிய கடற்பருந்து என் தலைக்கு மேலால் தாழப் பறந்து வந்து, ஆற அமர மணலில் இறங்கி, இறக்கையை விரித்துக் காட்டிவிட்டு, ஒரு சூடையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அது பறக்காமல் நின்ற நேரத்தில் நான் ஒரு முழுச் சுருளையே முடித்திருக்கலாம்.

திங்கட்கிழமை கந்தோரில் பேனை பிடிக்க ஏலவில்லை. பெரிய கிளாக்கர் என் கைகளைப் பார்த்துவிட்டு, “ஐசே, வேலை செய்தீரோ?” என்று சந்தேகமாகக் கேட்டார். இந்தக் கந்தோரில் அப்படி ஒரு நோய் வந்ததில்லை. வீட்டில் மனைவி தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்து உள்ளங்கையில் பூசினார்.  அடுத்த வெள்ளிக்கிழமை நான் கேட்காமலே ஒரு சாரத்தை மடித்துப் பையில் வைத்திருந்தார்.

இப்படியே ஆனி போயிற்று. என் உழைப்பைக் கண்டு கடல் இரங்கி அள்ளிக் கொடுத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கொடுக்கவில்லை. ஒரு நாள் பரவாயில்லை, மறுநாள் வெறுங்கடல். பாரை அந்தப் பக்கம் திரும்பி வரவேயில்லை. வடக்குப் பக்கத்துச் சம்மாட்டி ஒருமுறை எங்கள் கரைக்கு உலாத்த வந்து, நானாவோடு நெடுநேரம் நின்று கதைத்துவிட்டுப் போனார். மச்சான் அதைத் தூரத்தில் இருந்து பார்த்தான். வலைக் கிழிசலைத் தைப்பதுபோல் குனிந்துகொண்டான். கையில் ஊசி இருக்கவில்லை.

ஒருநாள் இழுத்துக் களைத்து மணலில் கிடந்தபோது நானாவிடம் வாயைக் கொடுத்துப் பார்த்தேன்.

“நானா, அண்டைக்கு உங்களுக்கு என்னில கோவம் இல்லையோ?”

“இருந்த.” வெற்றிலையை மடித்தார். “ஆனா தம்பி, பெட்டிக்குள்ள இருந்தே அத்தினை பேரை ஓட வைச்சிருக்கனே. வேற ஆருக்கு ஏலும்?”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்ன மகிழ்ச்சி. பிறகு அது மறைந்தது.

“உங்கட மச்சான் அண்டைக்கு வாய் திறக்கல்ல. நான் பாத்துக்கு நிண்ட. வேற சம்மாட்டியெண்டா மீன் போன இடத்துக்கே அந்தப் பேச்சுக் கேட்டிருக்கும்.”

“அப்ப நிப்பீங்கள்தானே?”

“வெள்ளிக்கிழமை,” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு நான் கந்தோரில் லீவு போட்டேன். மச்சான் விடியவே எழும்பி, முகம் கழுவி, நல்ல சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி கொடுத்த தேத்தண்ணி பக்கத்தில் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. “நான் போய்க் கேக்க மாட்டன் அத்தான்,” என்றான். “கேட்டு நிக்கிற ஆக்கள், கேட்டதுக்காகத்தான் நிப்பினம்.” எனக்கு அப்படிப்பட்ட மானரோசம் ஒன்றும் இல்லை. பாரைக் கூட்டத்தையே போகவிட்டவனுக்கு மானம் எங்கே மிச்சம். பள்ளிவாசல் பக்கம் போய், வீதியோரத்துப் பூவரச நிழலில் நின்றேன். ஜும்ஆ முடிந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நானா வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சேட்டுமாக, கயிற்றில் நிற்கிற மனிதர் இவர்தானா என்று நினைக்கும்படி வந்தார்.

பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன். அது கந்தோர்க் கடிதம் மாதிரி அமைந்துவிட்டதைப் பேசத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன்.

“நானா, மேற்படி விசயமா ஒரு சொல்லு. பாரை போனதுக்கு மச்சான் எந்த விதத்திலயும் பொறுப்பில்லை. அது முழுக்க முழுக்க என்னால வந்தது. அவன் நல்லவன், அது உங்களுக்கே தெரியும். பெண்சாதி பிள்ளையோட இந்த வலையை நம்பித்தான் நிக்கிறான். நீங்கள் போனால் எல்லாரும் போவினம், அவன் திரும்பி வேற ஆக்களின்ர வலையில கயிறு பிடிக்கத்தான் போக வேணும். நான் இனி அந்தக் கரையில பெட்டியும் கொண்டு வரமாட்டன், கமராவும் கொண்டு வரமாட்டன். வரச் சொன்னால் வாறன், வராதை எண்டால் வரமாட்டன். சீசன் முடியுமட்டும் சனி ஞாயிறு கயிறு பிடிக்கவும் நான் தயார். நீங்கள் பெரிய மனசு பண்ணி—”

நானா தொப்பியைக் கழற்றி மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். வழியில் நின்ற என்னை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு நடந்தார்.

“நாளைக்கு வெள்ளன நம்மட வலை வளைக்கிற, போய்ச் சம்மாட்டியச் சாப்பிடச் செல்லுங்க.”